இரண்டு டன்

லடாக்கில் உள்ள கார்துங் லா கணவாயின் உச்சியில் நெடுங்காலம் ஓர் அறிவிப்புப் பலகை நின்றிருந்தது. அவ்விடத்தின் உயரம் 18,380 அடி என்று அதில் எழுதியிருந்தது. நவீனக் கருவிகளைக் கொண்டு அளந்தவர்கள் கண்ட உயரம் 5,359 மீட்டர். அதாவது 17,582 அடி. பலகைக்கும் மலைக்கும் இடையே ஏறத்தாழ 800 அடி வேறுபாடு. ஆயினும் அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பலகையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டு, பலகையின் எண்ணையே ஊருக்குக் கொண்டு சென்றார்கள்.

அந்த ஆய்வாளனுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். இளநிலை மாணவர்களைக் களத்துக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் கணவாயில் வண்டியை நிறுத்தி அதைச் சொல்வான். எழுதி வைக்கப்பட்ட எண் வேறு, அளந்து பெற்ற எண் வேறு என்பதே அவன் சொல்ல விரும்பிய பாடம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பர் பிற்பகலில் அதே பாடத்தை அதே இடத்தில் சொல்லி முடித்து அவன் வண்டியில் ஏறினான். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பாடம் அவனிடமே திரும்பி வந்தது.

அவனுடைய ஆய்வு நுப்ரா பள்ளத்தாக்கின் மணல் படிவுகளைப் பற்றியது. ஹுண்டர் அருகே உள்ள மணற்குன்றுகளும் ஆற்றங்கரைப் படிவுகளும் எப்போது உருவாயின என்பதை ஒளிர்வுக் காலக்கணிப்பு முறையால் அறிவது அதன் நோக்கம். மணல் துகள் வெயிலில் கிடக்கும்வரை அதனுள் சேமிப்பு எதுவும் இராது. மேலே மண் மூடி இருளில் புதைந்த பிறகு, சுற்றியுள்ள இயற்கைக் கதிரியக்கத்தின் ஆற்றல் அதனுள் சிறுகச் சிறுகச் சேரும். ஆய்வகத்தின் இருட்டறையில் அந்தச் சேமிப்பை அளந்தால் துகள் புதைந்த காலம் தெரியும். ஆகவே மாதிரியை ஒளி புகாத குழாயில் எடுத்து, அடைத்து, மூடியபடியே கொண்டுவர வேண்டும். வழியில் ஒரு நிமிடம் வெயில் பட்டாலும் பல்லாயிரம் ஆண்டுகளின் கணக்கு அழிந்துபோகும்.

அந்த ஆண்டு ஆழமான துளையிட வேண்டியிருந்தது. துளைக்கருவி, இரும்புத் தண்டுகள், டீசல் ஜெனரேட்டர், கூடாரங்கள், உணவுப் பொருள்கள் எல்லாவற்றையும் ஏற்றிச்செல்ல இரண்டு வண்டிகள் கேட்டு விண்ணப்பித்தார்கள். திட்ட மதிப்பீட்டில் வாகன வாடகைக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. இரண்டாவது வண்டிக்கு இடமில்லை என்று பதில் வந்தது. அப்போதுதான் டிரெய்லர் யோசனை பிறந்தது. ஒப்பந்தத்தில் ஓடிய வண்டி நான்கு சக்கர இயக்கம் கொண்டது. அதன் விளம்பரத் தாளில் இழுவைத் திறன் 2 டன் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஒரு பட்டறையில் செய்த ஒற்றை அச்சு டிரெய்லர் மலிவாகக் கிடைத்தது. எல்லாப் பொருள்களும் சேர்ந்து ஒரு டன்னைத் தாண்டாது என்று எல்லோருக்கும் தோன்றியது. அது தோன்றியதே தவிர, யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

போகும் வழி சிரமமின்றி முடிந்தது. ஏற்றத்தில் வண்டி திணறினாலும் நிற்கவில்லை. ‘ஃபோர் வீல் டிரைவ்’ என்ற சொல்லின்மீது எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை அன்று இன்னும் உறுதிப்பட்டது. பன்னிரண்டு நாள் வேலைக்குப் பிறகு மாதிரிக் குழாய்களும் மண் மூட்டைகளும் சேர்ந்தன. துளைக்கருவி முன்புறம் கட்டப்பட்டிருந்ததால் குழாய்ப் பெட்டிகளை டிரெய்லரின் பின்பகுதியில் அடுக்கினார்கள். கடைசியாக ஏற்றியதை முதலில் இறக்கலாம் என்பது அவர்கள் கண்ட வசதி.

கால்சார் தாண்டியதும் ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். ஐம்பது வயதைக் கடந்த லடாக்கியர். அந்த மலையில் முப்பது ஆண்டுகள் ஓட்டியவர். அவன் அவரை ‘ஆச்சோலே’ என்றே அழைப்பான்; அண்ணனை மரியாதையோடு விளிக்கும் அவ்வூர்ச் சொல் அது. “சார், பின்னால் பாரம் சரியில்லை. வண்டியின் வாலைப் பிடித்து யாரோ ஆட்டுவது போல இருக்கிறது” என்றார் அவர்.

“ஆச்சோலே, இந்த வண்டி இரண்டு டன் இழுக்கும். நாம் ஏற்றியிருப்பது அதில் பாதிகூட இல்லை” என்று அவன் சொன்னான். அவர் மறுத்துப் பேசவில்லை. ஆய்வாளன் ஓர் எண்ணைச் சொல்லிவிட்ட பிறகு, ஸ்டியரிங்கைப் பிடித்த கை உணர்ந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

கணவாயைக் கடந்து லே நோக்கி இறங்கும் வழியில், தென் புல்லு சாவடிக்குக் கீழே எரிந்த நெடி வந்தது. பொழுது சாய்வதற்குள் ஊர் சேர வேண்டும் என்று மூன்றாம் கியரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வளைவுகள் கழித்து பிரேக் மிதி தரைவரை சென்று தளர்ந்தது. அவர் கூச்சலிடவில்லை. இரண்டாம் கியருக்கு மாற்றினார், கைப்பிரேக்கை இழுத்தார், வேகம் போதிய அளவு குறையாததைக் கண்டு, பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைப்பக்கச் சரளை மேட்டில் வண்டியை ஏற்றினார். வண்டி நின்றது. டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கிக் கவிழ்ந்தது. ஸ்டியரிங் சுழன்று அடித்ததில் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. மற்ற நால்வருக்கும் சிராய்ப்புகளோடு போயிற்று. சாலையெங்கும் சிதறிக் கிடந்த குழாய்களில் பாதிக்குமேல் உடைந்து, பல்லாயிரம் ஆண்டு இருள் அந்த வெயிலில் கொட்டிக் கிடந்தது.

விபத்து அறிக்கையை அவன்தான் எழுதினான். ‘பிரேக் செயலிழப்பு’ என்று இரண்டே சொற்களில் காரணத்தைக் குறிப்பிட்டான். அது பொய்யன்று; பிரேக் செயலிழந்தது உண்மைதான். ஆனால் அலுவலகம் அந்த இரண்டு சொற்களை வேறு விதமாகப் படித்தது. பிரேக் பழுதென்றால் பராமரிப்புக் குறைவு. பராமரிப்பு ஓட்டுநரின் பொறுப்பு. கட்டுப்போட்ட கையோடு இருந்தவரின் ஒப்பந்தம் அடுத்த மாதமே முடிவுக்கு வந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அவன் முதன்முறையாக வண்டியின் கையேட்டைத் திறந்தான். விளம்பரத் தாளில் ஒரே எண்ணாக இருந்தது, கையேட்டில் ஐந்து எண்களாக இருந்தது. வண்டியின் வெற்று எடை 1,900 கிலோ. ஆள்களும் சாமான்களும் சேர்ந்த மொத்த எடை 2,600 கிலோவைத் தாண்டலாகாது. தனக்கென பிரேக் உடைய டிரெய்லரானால் 2,000 கிலோ வரை இழுக்கலாம். பிரேக் இல்லாத டிரெய்லரானால் 750 கிலோதான். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டெடை 4,200 கிலோவைத் தாண்டலாகாது. இவற்றுக்குக் கீழே, டிரெய்லரின் மூக்கு இணைப்புக் கொக்கியின்மீது செலுத்தும் எடை 120 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது.

இந்த எண்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்துபவை என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. 2,600-ஐயும் 2,000-ஐயும் கூட்டினால் 4,600 வருகிறது. கூட்டெடை எல்லையோ 4,200. ஆகவே வண்டி நிறைய ஆளேற்றிக்கொண்டு 2 டன்னும் இழுக்க முடியாது. விளம்பரம் சொன்ன 2 டன் ஏறத்தாழக் காலியான வண்டிக்கே பொருந்தும். கொக்கியில் அழுத்தும் எடையும் வண்டியின் மொத்த எடையில் சேரும். ஒவ்வோர் எல்லையையும் தனித்தனியே சரிபார்த்து, அவற்றுள் மிகக் குறுகியது எதுவோ அதையே ஏற்க வேண்டும். பல கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட தீர்வு இப்படித்தான் அமையும் என்பதைக் கணித வகுப்பில் படித்தவன்தான் அவன்.

பிறகு அன்றைய பாரத்தை மீட்டெழுதினான். கவிழ்ந்த டிரெய்லரை எடைமேடையில் ஏற்றியபோது அதன் வெற்று எடை 420 கிலோ என்று தெரிந்தது. ஜெனரேட்டர் 110, துளைக்கருவியும் தண்டுகளும் 240, கூடாரமும் உணவும் எரிபொருளும் 130. ஆக, போகும்போதே 900 கிலோ. திரும்பும்போது தீர்ந்துபோன பொருள்கள் 80 கிலோ குறைய, மாதிரிகள் 380 கிலோ கூட, 1,200 கிலோ. வண்டி ஆள்களோடும் பைகளோடும் 2,400. கூட்டெடை 3,600, எல்லைக்குள்தான். பிரேக் உள்ள டிரெய்லருக்கான எல்லையிலும் இன்னும் 800 கிலோ மிச்சம் இருந்தது. ஆனால் அந்த டிரெய்லருக்கு பிரேக்கே இல்லை. அதற்குரிய எல்லை 750. புறப்பட்ட நாளிலேயே அதை 150 கிலோ மீறியிருந்தார்கள். திரும்பிய நாளில் 450 கிலோ.

நான்கு சக்கர இயக்கம் இதில் என்ன செய்திருக்கும் என்பதையும் அவன் கணக்கிட்டான். இயந்திரத்தின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் அனுப்புவதே அதன் வேலை. மணலிலும் சரளையிலும் ஏற்றத்திலும் சக்கரம் சுழன்று வழுக்காமல் அது காக்கும். ஆனால் பிரேக் எல்லாக் கார்களிலும் முன்னரே நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. ஆகவே நிறுத்தும்போது நான்கு சக்கர இயக்கம் புதிதாக எதையும் தருவதில்லை. பிரேக் இல்லாத டிரெய்லரின் எடையையும் இழுக்கும் வண்டியின் டயர்களே தாங்கி நிறுத்த வேண்டும். 2,400 கிலோ வண்டியின் டயர்கள் 3,600 கிலோவை நிறுத்த வேண்டுமானால், சமதரையிலேயே நிற்கும் தூரம் ஒன்றரை மடங்காகும். இறக்கத்தில் அது மேலும் நீளும். ஏற வைக்கும் திறனைக் கண்டு இறக்கும் திறனும் உண்டென்று நம்பியதுதான் பிழை. அதன் தாழ் கியர் வரிசை இறக்கத்தில் பெரும் துணை. ஆனால் அதை உச்சியிலேயே வண்டியை நிறுத்திப் போட்டிருக்க வேண்டும், பிரேக் போன பிறகு போட முடியாது.

உயரமும் தன் பங்கைக் கேட்டது. கார்துங் லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி. டர்போ இல்லாத இயந்திரம் அங்கே தன் ஆற்றலில் பாதியை இழக்கும். டர்போ அந்த இழப்பை ஓரளவே ஈடுசெய்யும். இதை ஓட்டுபவர் ஏற்றத்திலேயே உணர்ந்துவிடுவார். உணராமற்போவது பிரேக்குக்கு நேர்வது. மிதிக்கும் காலுக்குத் துணைபுரியும் வெற்றிடக் கருவி, வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டே தள்ளுகிறது. வெளிக்காற்று பாதியானால் அதன் உச்சத் துணையும் ஏறத்தாழப் பாதியாகிறது. சூடேறிய டிரம்மையும் டிஸ்க்கையும் ஆற்றுவதும் காற்றே. அடர்த்தி குறைந்த காற்று குறைவாகவே ஆற்றும். பிரேக் எண்ணெயோ ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காத டாட் 3 வகை எண்ணெயின் வரம்பு, ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். எண்ணெய் கொதித்தால் குமிழ்கள் உண்டாகும். குமிழை அழுத்தலாம், அதனால் எதையும் தள்ள முடியாது. மிதி தரைவரை சென்றது அதனால்தான்.

கடைசியாக ஆற்றல் கணக்கு. கணவாயிலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லேவுக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டரில் 1,859 மீட்டர் இறக்கம். 3,600 கிலோ நிறை அவ்வளவு இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 66 மெகாஜூல். அறை வெப்பத்தில் உள்ள 200 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. டயர்களின் உராய்வும் காற்றின் தடையும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சரியான கியரில் இறங்கினால் இயந்திரம் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதெல்லாம் கையகல பிரேக் கட்டைகளின்மேல்தான் விழும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வதன் உட்பொருள் இதுதான்.

ஓட்டுநர் சொன்ன வாலாட்டத்துக்கும் விடை கிடைத்தது. புகைப்படங்களைப் பார்த்துப் பெட்டிகள் இருந்த இடங்களைக் குறித்துக்கொண்டான். அச்சிலிருந்து கொக்கி வரை 2.4 மீட்டர். போகும்போது மூக்கின் எடை 100 கிலோ இருந்திருக்கும்; டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அது இருப்பது நல்லது. திரும்பும்போது 380 கிலோ மாதிரிகளை அச்சுக்குப் பின்னே 0.6 மீட்டர் தள்ளி அடுக்கினார்கள். நெம்புகோல் விதிப்படி அது மூக்கிலிருந்து 95 கிலோவைத் தூக்கிவிடும். எஞ்சியது வெறும் 5 கிலோ. மூக்கு கனமிழந்த டிரெய்லர் பின்னால் ஊசலாடும். பள்ளி மாணவனும் போடக்கூடிய அந்தக் கணக்கின் விடையை, எண் எதுவும் இல்லாமல் முதுகெலும்பால் அறிந்து சொன்னவர் ஒருவர் இருந்தார். எண்ணைக் காட்டி அவர் வாயை அடைத்தவன், அந்த எண்ணின் அடிக்குறிப்பைக்கூடப் படித்திருக்கவில்லை.

தன் ஆய்வில் அவன் தரும் ஒவ்வொரு காலக்கணிப்புக்கும் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு பிழை வரம்பு இருக்கும். இருபதாயிரம் ஆண்டுக்கு முன் புதைந்த மணலின் வயதில் சில நூறு ஆண்டுகள் பிசகினாலும் அதை ஒப்புக்கொள்ளாமல் எழுதக் கூடாது என்று மாணவர்களிடம் வாதிடுபவன் அவன். ஐந்து உயிர்கள் அமர்ந்த வண்டியின் பாரத்துக்கு அளவும் இல்லை, பிழை வரம்பும் இல்லை. அதற்குப் பிறகு எழுதிய ‘பிரேக் செயலிழப்பு’ என்ற முடிவு, தரவு இல்லாமல் எழுதிய முடிவு.

அவன் திருத்திய அறிக்கையை எழுதினான். எடைகளின் அட்டவணை, கையேட்டின் எல்லைகள், பெட்டிகளை அடுக்கிய முறை, ஓட்டுநர் முன்கூட்டியே எச்சரித்தது, அந்த எச்சரிக்கையைத் தான் மறுத்தது எல்லாம் அதில் இருந்தன. விபத்துக்குக் காரணம் பராமரிப்புக் குறைவு அன்று, அளவுக்கு மீறிய பாரமே என்றும், அந்தப் பாரத்தை முடிவு செய்தவன் தானே என்றும் முடித்தான். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இப்படி ஒரு தாளில் கையெழுத்திடுவது அறிவுடைமையா என்று நண்பர்கள் கேட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதித்த எடையை மீறுவது தண்டனைக்குரியது. 2019 திருத்தத்துக்குப் பின் அதற்கான அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது. கேள்வி நியாயமானதே. அவன் கையெழுத்திட்டான்.

அலுவலகம் அதைக் கோப்பில் சேர்த்தது. ஓட்டுநரின் பெயரிலிருந்த குறிப்பு நீக்கப்பட்டது. ஆனால் ஒப்பந்தம் அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. ஒரு பருவத்தின் வருமானமும் திரும்பவில்லை. அடுத்த மதிப்பீட்டில் வாகன வாடகையின் கீழ் மாதிரிகளைக் கொண்டுவரத் தனியாக ஒரு வரி சேர்ந்தது. பலன் என்று சொல்ல வேண்டுமானால் அவ்வளவுதான்.

மறு ஆண்டு ஜூலையில் அவன் லே சென்றபோது அவரைத் தேடிப் போனான். அவர் சொந்தமாக டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு கூடியிருந்தது, குளிரில் மட்டும் வலிக்கும் என்றார். அறிக்கையின் நகலை அவன் நீட்டினான். அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். இந்தியில் வரி வரியாகச் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதை அன்றைக்கே என்னிடம் கேட்டிருக்கலாமே, சார்” என்றார். அதில் கோபம் இல்லை. அதனால்தான் அவனுக்குத் தாங்க முடியவில்லை.

இம்முறை வாடகைக்கு எடுத்த டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தது. இழுக்கும் வண்டி வேகம் குறையும்போது பின்னிருந்து முட்டும் விசையே அதை இயக்கும். ஒவ்வொரு பொருளையும் தொங்கு தராசில் நிறுத்துக் களக் குறிப்பேட்டில் எழுதினார்கள். உயரத்தையும் சாலையையும் கருதி, கையேட்டின் எல்லையில் பாதிக்கு மேல் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தான். மொத்தம் 940 கிலோ, மூக்கில் 95. பிரேக் எண்ணெய் புதிதாக மாற்றப்பட்டது. இருவர் பங்கு டாக்சியில் வந்தார்கள். மாதிரிகள் சரக்கு லாரியில் திரும்ப ஏற்பாடாயிற்று. ஆச்சோலேதான் ஓட்டினார், அந்த ஒரு வாரத்துக்கு மட்டும்.

புறப்படும் முன் அவன் அட்டவணையை அவரிடம் காட்டினான். அவர் தாளைப் பார்க்கவில்லை. டிரெய்லரின் மூக்கருகே சென்று இரு கைகளாலும் அதைத் தூக்கிப் பார்த்தார். பிறகு துளைக்கருவியை ஒரு சாண் பின்னே தள்ளச் சொன்னார். தள்ளிவிட்டு மீண்டும் நிறுத்தார்கள். மூக்கின் எடை 88 கிலோ. இரண்டாவது எண்ணை அவன் பென்சிலால் எழுதிக்கொண்டான்.

திரும்பும்போது கணவாயின் உச்சியில் வண்டி நின்றது. மாணவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பலகையின் கதையை அவன் அன்று சொல்லவில்லை. ஆச்சோலே தாழ் கியர் வரிசையைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்துக்கொண்டு வந்தார். அவன் அவர் பின்னாலேயே குனிந்து, அதே போலப் பார்த்துக்கொண்டு வந்தான்.